ஸ்டியரிங்கில் ஒருவர், பின்னால் ஒருவர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே அத்தை, வாலு, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னார் அத்தை. கேட்டுவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். பெற்ற அம்மா கூப்பிட்டாலே இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். நான் கூப்பிட்டால் எடுப்பாயா என்று தெரியவில்லை. எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்பதும் தெரியவில்லை. காகிதமென்றால் அடித்துத் திருத்தி எழுதலாம்.

அத்தைக்கு மூட்டு வலி குறையவில்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டு நடை போய்விட்டு, ஊரையே சுற்றி வந்தமாதிரி மூச்சு விடுகிறார். வாலு ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். என் செருப்பு அவள் காலுக்குச் சரியாக இருக்கிறது, அதனால் எனக்குச் செருப்பு இருப்பதில்லை. பள்ளி நூலகத்தில் போன மழைக்கு மேல்தட்டு முழுக்க நனைந்து, ஒரு வாரம் புத்தகங்களை விரித்து ஃபேனுக்குக் கீழே காயவைத்தேன். காய்ந்தவை எல்லாம் உப்பிப்போய், பழைய இடத்தில் அடங்க மாட்டேன் என்கின்றன.

எழுத வந்த விஷயம் படகு. கரையேற்றிய இடத்திலேயே தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. முன்பக்க உடைசலை ஒட்டிச் சரிசெய்தாகிவிட்டது. போன வாரம் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். அக்கரைக்கு ஆள் ஏற்றத்தான் அவருக்கும் வேண்டுமாம். இன்ஜினைப் பார்த்தார், இருக்கைகளைத் தட்டிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அது பாட்டுக்குச் சுற்றியது. அதைச் சரிசெய்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

லேத் பட்டறைக்காரரை அழைத்துக் காட்டினேன். பின்னால் குனிந்து பார்த்தவர், சிலிண்டரைக் கழற்றிப் பிரிக்காமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் எண்ணெய் குழாய் வழியாகப் பின்னால் போகும், சிலிண்டரில் இருக்கும் ராடைத் தள்ளும், ராடு இன்ஜினைத் திருப்பும் என்று நீ வாலுவுக்கு ஊசி போடும் சிரிஞ்சு இரண்டை ரப்பர் குழாயால் இணைத்துக் காட்டினாயே, அதுவரைக்கும்தான் எனக்கும் தெரியும். எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல் எந்த அளவு, என்ன எண்ணெய், எதை முதலில் கழற்ற வேண்டும் என்று அவர் கேட்கிறார். கடைசியாக அதை மூடியது நீ. உன்னைக் கேட்காமல் பிரிக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சீல் மாற்றியதையும், வியாழக்கிழமை அண்ணனுக்கு நடந்ததையும் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்து நான் ஒரு வாக்கியம் சொன்னேன். நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை.

நீட்டி எழுத நேரமில்லாவிட்டால் சீல் அளவை மட்டுமாவது எழுது.

அண்ணி

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நோட்டுத்தாள் ஒரு பக்கம். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஒன்பது வேலைகள், ஓரத்தில் சிலிண்டர் படம். மேலே அன்புள்ள அண்ணிக்கு என்று இல்லை, கீழே பெயரும் இல்லை. அத்தையிடம் படித்துக் காட்டினேன். வாங்கி, வேறு ஒன்றும் எழுதவில்லையா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசி வரியை நான் அவருக்குப் படிக்கவில்லை. "தெரிஞ்ச ஆளா பார்த்து வெச்சுப் பண்ணுங்க, என்னை நம்பாதீங்க" என்று எழுதியிருந்தாயே, அதை.

நீ எழுதிய வரிசைப்படியே சனிக்கிழமை பட்டறையில் பிரித்தார்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு நானும் உட்கார்ந்திருந்தேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போட்ட சீல் சரியாகத்தான் இருந்தது. உள்பக்கம் பார்க்க வேண்டியது உள்பக்கம் பார்த்துத்தான் இருந்தது. தலைகீழாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அப்படி இல்லை. "போட்டவன் தெரிஞ்சுதாம்மா போட்டிருக்கான்" என்றார் லேத்காரர்.

ராடின் மேல் சில கோடுகள் விழுந்திருக்கின்றன. ராடு உள்ளே போய் வரும்போதெல்லாம் அந்தக் கோடுகள் சீலை அறுத்திருக்கின்றன, அந்த வழியாக எண்ணெய் போயிருக்கிறது. கோடு எப்படி விழுந்தது என்று தெரியவில்லை. பாறையில் இடித்தபோது பட்டதாக இருக்கலாம்.

உன் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். நீ இனி வரலாம்.

அண்ணி

*

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. வேலைக்கு நடுவே படிக்காதே.

உன் இரண்டாவது பதிலில் நான்கு வரிதான் இருந்தது. எனக்கு மனப்பாடம். "பாறைல இடிச்சா ராடு வளையும், கோடு விழாது. அதோட இடிச்சதுக்கு அப்புறம் விழுந்த கோடு முன்னாடியே எப்படி சீலை அறுக்கும்? நான் மாட்டும்போதே கோடு இருந்திருக்கணும், நான் தடவிப் பார்க்காம விட்டிருக்கேன். அப்பவும் என் தப்புதான்."

நான் பாதியைச் சொன்னேன். அந்தப் பாதியையும் நீ எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். மீதிப் பாதி இது.

லேத்காரர் ராடைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோடுகளை நகத்தால் எண்ணினார். மூன்று கோடு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு கோடு. "பைப் ரெஞ்சால யாரோ புடிச்சிருக்காங்கம்மா. அதுலயும் பல்லு போன ரெஞ்ச்" என்றார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

பல் போன ரெஞ்ச் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொக்கையன் என்று பேர் வைத்ததே நீதான். பாலிஷ் போட்ட ராடு பக்கம் இந்தக் கிழவனைக் கொண்டுவந்தால் கடலில் வீசிவிடுவேன் என்று அண்ணனை மிரட்டி, படகிலிருந்து அதை வீட்டுக்கு நாடு கடத்தினாய். அன்றிலிருந்து அது நம் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கிடந்தது. குழாய் ஒழுகினால் நான் எடுப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வேலையை முடித்து, கை கழுவி, பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணிப் பேருந்துக்குப் போனாய். பக்கத்துத் துறைமுகத்தில் இரண்டு வார வேலை உனக்கு. போகும்போது வாசலில் நின்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு நாளைக்கு லேசாக ஈரம் தெரியும், உள்ளே இருந்த பழைய எண்ணெய் வெளியே வரும், துடைத்தால் போதும், யாரும் கை வைக்க வேண்டாம். அண்ணனும் சரி என்றார்.

ஐந்து மணிக்குப் படகிலிருந்து போன் செய்தார். தொட்டிக்குக் கீழே பொக்கையன் இருப்பான், எடுத்துக்கொண்டு வா என்றார். துணிப்பையில் போட்டு, டீ பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். பின்னால் அந்தக் குறுகிய இடத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சிலிண்டர் வாயில் துளி ஈரம். ஒரு சொட்டுக்கூட இல்லை, வியர்வை மாதிரிதான் இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, மூடிய குழாயையும் ஒரு தரம் இறுக்கிப் பார்க்காமல் தூங்க மாட்டார்.

வாயில் இருக்கும் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கப் பார்த்தார். நட்டோடு ராடும் சேர்ந்து சுற்றியது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் ரெஞ்ச். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, எனக்காகச் சாட்சி தேடுகிறமாதிரி. அவர் சொன்னார், "அவனைக் கேட்டா ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவான். நீ டார்ச்சை நேரா புடி." நான் சிரித்தேன். டார்ச்சை நேராகப் பிடித்தேன். ரெஞ்சைக் கையில் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ரெஞ்சை எடுத்த பிறகு ராடில் தடம் தெரிந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்து, சட்டை நுனியால் துடைத்து, இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்றார். பிறகு இருவரும் படகிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். நல்ல காற்று. நாங்கள் அப்படி உட்கார்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதனால்தான் அந்த மாலையை நான் பத்திரமாக வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். நடுவிலிருந்து ரெஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து, ஒழுகிக் குறைந்த எண்ணெயைக் காலையில் ஊற்றிக்கொண்டுதான் படகை எடுத்தார். புதன்கிழமை நீ போன் செய்து ஸ்டியரிங் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். "கல்லு மாதிரி இருக்குடா" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தம்பி வரட்டும், நேரில் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீ சொன்னதைக் கேட்காதது உனக்குத் தெரிய வேண்டாம் என்ற கூச்சம், அவ்வளவுதான். ஒரு அண்ணனுக்குத் தம்பியிடம் இருக்கிற கூச்சம்.

வியாழக்கிழமை காற்று கூடுதல். கடைசி நடையை இறக்கிவிட்டு வெறும் படகாகத் திரும்பினார். தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் பார்த்ததை உனக்கும் சொல்லியிருப்பார்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டே இருந்தாராம், படகு அதைக் கேட்காமல் நேராகப் பாறையைப் பார்த்தே வந்ததாம்.

நீ முதல் பேருந்து பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகவே, தலைகீழாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது அண்ணி என்றாய். அப்போது நான் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். நீ தனியாகச் சுமந்துகொண்டிருக்கிற வாக்கியத்தை நானும் என் கையால் ஒரு தரம் எழுத வேண்டும். "நீ தொடாமலே விட்டிருந்தா அவர் இருந்திருப்பார்."

பிறகு துறைமுக ஆபீசில் விசாரித்தார்கள். தம்பி மாற்றிய பிறகு வேறு யாராவது கை வைத்தார்களா என்று கேட்டார் அதிகாரி. எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். படித்தவள் சொல்கிற பதில், பார். பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. ரெஞ்ச் என்ன செய்யும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. அவர் தன் கையால்தான் போனார் என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயம். அதற்கு உன் கை பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேனோ என்னவோ. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாய். ஆனால் நான் மறக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன்.

பட்டறையிலிருந்து வந்து உனக்கு அந்த அரைகுறைக் கடிதத்தை எழுதினேன். இப்படியே விட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. உன் நான்கு வரி வந்தது. அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. ஏழாம் வகுப்பு டீச்சர் கட்டுரை நோட்டுகளை நூலகத்தில் அடுக்கிவைத்துவிட்டுப் போனார். மேலே இருந்தது வாலுவுடையது. தலைப்பு 'மறக்க முடியாத ஒரு நாள்'. இரண்டாவது பத்தியில் எழுதியிருக்கிறாள்: "என் சித்தப்பா சரியாக மாட்டாததால் என் அப்பா இறந்துவிட்டார். ஆனால் எனக்குச் சித்தப்பா மேல் கோபம் இல்லை." டீச்சர் பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்.

அந்தச் சரி குறியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குழந்தை மன்னிக்கவும் செய்துவிட்டாள், தம்பி. செய்யாத தப்புக்கு.

அன்று மாலையே அவளிடம் சொன்னேன். பிறகு நோட்டை எடுத்து அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தாள். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு துறைமுக ஆபீசுக்குப் போனேன். அதே அதிகாரி. "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? பைலை மூடியாச்சே" என்றார். மூடியதைத் திறந்து எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உன் பேருக்கு எதிரே இப்போது ஒன்றும் இல்லை.

அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொல்லி முடித்ததும், எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஒரு மகனைச் சாகவிட்டு இன்னொரு மகனையும் விரட்டியவள் என்று நினைத்திருப்பார், நினைக்க அவருக்கு உரிமை இருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் சமையலறைக்கு வந்து, தொட்டிக்குக் கீழே குனிந்து, மூட்டு வலியோடு குனிந்து, ரெஞ்சை எடுத்தார். வீசப்போகிறார் என்று நினைத்தேன். முந்தானையால் துடைத்து, அண்ணன் போட்டோ இருக்கிற அலமாரியில் வைத்தார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "அவனுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் வருகிறது. சமைக்கும்போது சில நாள் அவரோடு சத்தமாகவே சண்டை போடுகிறேன். என் மேல் வந்தால் அதற்கும் நான் தயாராக இருக்கிறேன். உன் மேல் மட்டும் இனி வர வேண்டாம். நீ அங்கே குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குவதாகவும், ஸ்பானரைக் கையால் தொடுவதில்லை என்றும் அத்தை எப்போதோ சொன்னார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினாறு வயது. என் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டுத் திட்டு வாங்கினாய், மறுநாள் அது ஓடியது. அந்தக் கையைப் பெட்டி அடுக்க வைத்தது நான்.

படகு விஷயம். புது ராடு வந்துவிட்டது, நீ எழுதிய அளவிலேயே சீலும் போட்டாகிவிட்டது. சிலிண்டரை மாட்டிப் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டோம். எண்ணெய் ஊற்றியிருக்கிறது. சொட்டு ஒழுகவில்லை. லேசாக ஈரம் இருக்கிறது, துடைக்கிறேன், கை வைக்கவில்லை. வாங்க வந்தவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். விற்பதா வேண்டாமா என்பதை நீ சொல்ல வேண்டும்.

உன் ஒன்பது வேலைகளில் எட்டு முடிந்தன. ஒன்பதாவது, குழாயிலிருக்கும் காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று நீயே அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். ஸ்டியரிங்கில் ஒருவர், பின்னால் ஒருவர். நீ பின்னாலிருந்து 'இடது', 'வலது', 'போதும்' என்று கத்துவாய், உன் அண்ணன் திருப்புவார், காதில் விழாதமாதிரி ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பித் திட்டு வாங்குவார். லேத்காரர் தன் ஆளை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறேன், தம்பி. சொன்ன அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருப்ப மாட்டேன். பின்னால் நின்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

அண்ணி